முன்சீட்டை மாற்றுமுன்: ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் கெடாமலிருக்கச் செய்ய வேண்டியவை

காரின் முன்சீட்டை மாற்றுவது நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு நாள்தோறும் கார் ஓட்டிப் போய்வந்ததில் இடுப்பு வலி நிரந்தரமாகிவிட, சீட்டை மாற்றிப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று விற்கப்பட்ட ஒரு சீட்டை வாங்கி, ஓட்டுநர் பக்கம் பொருத்திக்கொண்டேன். வண்டியைக் கிளப்பிய உடனே டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. பொருத்தியவர் சீட்டுக்கடியில் கையை விட்டுப் பத்து நிமிடம் ஏதோ செய்தார், விளக்கு அணைந்தது. “லைட் போயிடுச்சு சார், வேற என்ன வேணும்?” என்று கேட்டார். எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, கீழே விழுந்த பேனாவைத் தேடி டார்ச் அடித்தபோதுதான் அவர் செய்தது தெரிந்தது. காரின் தரையிலிருந்து வரும் மஞ்சள் கனெக்டரின் இரண்டு பின்களுக்கிடையே, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்) ஒன்றைச் செருகிக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார். பக்கவாட்டு ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவு மின்தடை இருப்பதாக ஏர்பேக்குகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏமாந்துபோய் விளக்கை அணைத்திருக்கிறது. ஆறு ஏர்பேக் உள்ள கார் என்று நம்பி, ஐந்து ஏர்பேக் உள்ள காரை மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். அதன் பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வேறு சீட் வாங்கி, முதலிலிருந்து செய்தேன். இரண்டாம் முறை செய்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

1. உங்கள் சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

புதிய சீட்டைத் தேடிக் கிளம்புவதற்கு முன் ஒரு டார்ச்சோடு உங்கள் காருக்குள் அரை மணி நேரம் செலவிடுங்கள். முன்சீட்டின் முதுகுப் பகுதியில், கதவை ஒட்டிய விளிம்பில், ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறு துணிப்பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ தைக்கப்பட்டிருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். இந்தியாவில் ஓட்டுநர் சீட்டுக்கு அது வலப்பக்கம், அடுத்த சீட்டுக்கு இடப்பக்கம்.

பிறகு சீட்டுக்கடியில் பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் எதுவாக இருந்தாலும் அது வெடிமருந்து சார்ந்த பாகத்துக்குப் போகிறது: ஒன்று ஏர்பேக், இல்லையென்றால் மோதலின்போது பெல்ட்டை நொடிப்பொழுதில் இறுக்கும் ப்ரீடென்ஷனர். ப்ரீடென்ஷனர் பெரும்பாலும் பி-பில்லருக்குள் (முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூண்), பெல்ட் சுருளோடு இருக்கும். சில கார்களில் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிளின் அடியிலும் ஒன்று இருக்கும், அது சீட்டோடு சேர்ந்தே கழன்று வரும். வேறு நிறத்தில் மெல்லிய வயரோடு வருவது பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்ச். பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று காருக்குச் சொல்வது அதுதான். ஓட்டுநருக்கு அடுத்த சீட்டின் மெத்தைக்கடியில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் உணரி ஒன்றும் இருக்கும். சில கார்களில் சீட் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்கும் உணரி, சீட் நகரும் தண்டவாளத்தில் பொருத்தப்பட்டிருக்கும்.

“என்னுடையது அடிப்படை மாடல், அதில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இருக்காது” என்று நினைத்துவிடாதீர்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாரான கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும், முன்சீட்டு இருவருக்கும் பெல்ட் நினைவூட்டியும் கட்டாயம். ஆகவே பக்கிள் சுவிட்சாவது கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு கனெக்டரையும், எத்தனை பின் என்று தெரியும்படி, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட அந்தப் படம் வேகமாக வேலை செய்யும்.

2. எந்தச் சீட்டை வாங்குவது

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. முதல் வகை, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொதுச் சீட். இதில் ஏர்பேக் கிடையாது, பக்கிளுக்கு இடமிருந்தாலும் உங்கள் பக்கிள் அதில் சரியான உயரத்தில் நிற்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, தரையில் பொருத்தும் பிராக்கெட்டை யாரோ வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். மோதலில் சீட்டைத் தரையோடு பிடித்து நிறுத்தவேண்டியது அந்த பிராக்கெட்தான் என்பதை நினைவில் வையுங்கள். சீட்டின் வலிமைக்கு ஐ.நா. விதி எண் 17-உம், பெல்ட் பிடிப்பிடங்களுக்கு விதி எண் 14-உம் இருக்கின்றன. விற்பவரிடம் இவற்றில் ஏதாவது ஒன்றின் சான்றைக் கேட்டுப்பாருங்கள். நான் முதல் சீட்டை வாங்கியபோது கேட்கவில்லை, பின்னர் கேட்டபோது அவரிடம் இல்லை.

இரண்டாம் வகை பந்தயக் கார்களுக்கான பக்கெட் சீட். அதில் உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரை இருப்பதைக் காட்டி விற்பார்கள். அந்த முத்திரை உண்மையாகவே இருந்தாலும், அது தோளிலும் இடுப்பிலும் பல பட்டைகளால் கட்டும் ஹார்னஸோடு பயன்படுத்தச் சோதிக்கப்பட்டது. அன்றாடக் காரின் மூன்று முனைப் பெல்ட் அதன் உயர்ந்த ஓரங்களின் மேலேறி இடுப்பைவிட்டு விலகி நிற்கும். சாலையில் ஓட்டும் காருக்கு அது வேண்டாம்.

மூன்றாம் வகை, உங்கள் காரின் அதே மாடலில் உயர்ந்த வேரியன்ட்டின் சீட். உயரம் மாற்றும் வசதியும் இடுப்புத் தாங்கலும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். என் தீர்ப்பு இதுதான்: உங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், அதே மாடல், அதே தலைமுறை, ஏர்பேக்கோடு கூடிய சீட்டைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். கம்பெனியிடம் புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். சென்னையில் புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்களில் பழைய உதிரிப் பாகச் சந்தைகளிலும் பழையதாகக் கிடைக்கும்.

பழைய சீட்டில் மூன்று கண்ணிகள் உண்டு, அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளத்தில் மூழ்கிய காரின் சீட் முதல் கண்ணி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் கழுத்தளவு நீரில் நின்றன என்று நாமே பார்த்தோம். அவற்றின் உதிரிப் பாகங்கள் எங்காவது விற்கப்பட்டுத்தானே ஆகவேண்டும்? சீட்டைக் கவிழ்த்துத் தண்டவாளத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். மேலே பளபளப்பும் உள்ளே செந்துருவும் இருந்தால் வேண்டாம். மஞ்சள் கனெக்டருக்குள் டார்ச் அடித்தால் பின்கள் பித்தளை நிறத்தில் மின்ன வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ, காய்ந்த வண்டல் மூலையில் ஒட்டியிருந்தாலோ அங்கேயே கைகழுவிவிடுங்கள். மெத்தையைக் கையால் அழுத்தி முகர்ந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். எனக்குக் காட்டிய முதல் சீட்டில் வந்த வாடை, மூடிக் கிடந்த கிணற்றின் வாடை.

மோதிய காரின் சீட் இரண்டாம் கண்ணி. ஏர்பேக் விளிம்பின் தையல் கம்பெனித் தையலாக, ஒரே சீராக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வெடித்த ஏர்பேக்கை வெட்டியெடுத்துவிட்டு மேலே தைத்து விற்பதுண்டு. அதோடு வரும் பக்கிளின் தண்டு வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தால், அதிலுள்ள ப்ரீடென்ஷனர் ஏற்கெனவே வேலை செய்து முடிந்திருக்கும்.

மூன்றாவது, பார்க்க ஒன்றுபோலிருந்து உள்ளே மாறியிருப்பது. ஒரே மாடலிலேயே ஃபேஸ்லிஃப்டுக்கு (இடையில் செய்யும் தோற்றப் புதுப்பிப்பு) முன்னும் பின்னும் கனெக்டரின் வடிவமோ பின் எண்ணிக்கையோ மாறியிருக்கலாம். சீட்டுக்கடியிலும் ஏர்பேக் பெட்டியின் மேலும் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் படமெடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரின் உதிரிப் பாகப் பிரிவில் உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். பின் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது.

நேர்மாறான நிலையும் உண்டு. உங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக்கே இல்லாமல், வாங்கும் சீட்டில் ஏர்பேக் இருந்தால், அந்த ஏர்பேக் உங்கள் காரில் ஒருபோதும் விரியாது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் அதற்கான சுற்றே இல்லை. வேறெந்த வயரோடும் இணைத்து ‘வேலை செய்ய வைக்க’ யாரேனும் முன்வந்தால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வெளியூரிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இன்னொன்று: தனியாக அனுப்பப்படும் ஏர்பேக், சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள்கள் பட்டியலில் பெரும்பாலும் 9ஆம் வகுப்பில் வருகிறது. அதனால் ஏர்பேக் உள்ள சீட்டையும் கூரியர் நிறுவனங்கள் மறுக்கலாம். நேரில் போய்ப் பார்த்து உங்கள் வண்டியிலேயே ஏற்றி வருவதுதான் எல்லா வகையிலும் நல்லது.

3. காகிதங்கள்

ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கிறது, அது மாறக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே மாடலின் சீட்டை அதே நான்கு துளைகளில் பொருத்துவதும், தரையை வெட்டி வெல்டிங் செய்து வேறு சீட் வைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்யவேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால், குறிப்பாக மாற்றுத்திறனாளிக்காகவோ மூப்பினால் ஏறி இறங்க முடியாதவருக்காகவோ சுழலும் சீட் பொருத்துவதாக இருந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெறுங்கள்.

இவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்: சீட்டுக்கான பில், அதில் பாக எண் எழுதப்பட்டிருக்க வேண்டும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கை (காரில் பதிவான பிழைகளை ஸ்கேனர் கருவியால் படித்தது), பொருத்திய பட்டறையின் ஜாப் கார்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகலும் அவர்கள் பதிலும். காப்பீட்டாளருக்குச் சொல்லாமல் விடுவது, பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது அவர்களுக்கு நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுப்பதாகும். காருக்கு உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் அதன் விதிமுறைப் புத்தகத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

4. செலவும் நேரமும்

என் கணக்கு இது. முதல் முயற்சியில் பொதுச் சீட்டுக்கு 28,000 ரூபாய், பிராக்கெட்டுக்கு 4,500, கூலி 1,500. இவை மூன்றும் வீண். இரண்டாம் முயற்சியில் பழைய சீட்டுக்கு 14,000, கூலி 2,000, ஸ்கேன் இரண்டு முறைக்கு 1,600. சீட் தேட மூன்று சனிக்கிழமைகள் போயின. வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு முடிந்தது. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்பவர் எந்தப் படியைத் தாண்டப் போகிறார் என்று கேளுங்கள்.

5. கழற்றுவதற்கு முன் ஒரு ஸ்கேன்

இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதுவும் கோளாறுதான். யாரோ விளக்கையே துண்டித்திருக்கலாம். பிறகு ஸ்கேனரில் ஏர்பேக் பிரிவைத் திறந்து, பழைய பிழைக்குறி ஏதும் இல்லையென்று அச்செடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் பிழைகளை மட்டுமே படிக்கும். பட்டறையில் இருப்பது ஏர்பேக் பிரிவையும் படிக்குமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

6. கழற்றுதல்

வரிசை மாறினால் விளக்கு எரியும், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முன் போல்ட் இரண்டையும், முன்னுக்கு இழுத்துப் பின் போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். மின்சாரத்தால் நகரும் சீட் என்றால் இதைப் பேட்டரியைத் துண்டிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நான் பார்த்த ஒரு பட்டறையில் பேட்டரியைக் கழற்றிய பிறகு சீட் நகரவில்லையே என்று அரை மணி நேரம் விழித்தார்கள். தளர்த்தும்போது கைக்கருவியையே பயன்படுத்துங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் கியர் லீவருக்கு அருகில் தரையில்தான் இருக்கிறது, அதற்குள் அதிர்வை உணரும் கருவி இருக்கிறது. இக்னிஷன் போட்டிருக்கும்போது, அதிர்ந்து அதிர்ந்து போல்ட்டைக் கழற்றும் இம்பாக்ட் கன்னோ சுத்தியலோ தரையில் வேண்டவே வேண்டாம்.

பிறகு இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அது மீண்டும் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். பேட்டரி போனபிறகும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவு மின்சாரம் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கெபாசிட்டரில் சற்று நேரம் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, சில நிமிடங்கள்தான். நான் பத்து நிமிடம் காத்திருந்தேன், ஒரு டீ குடிக்கும் நேரம்.

இனி கனெக்டர்கள். கையால் காரின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, மஞ்சள் கனெக்டரின் பூட்டுத் தாழை மெல்ல விலக்கிப் பிரியுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் பின்களில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் லைட்டையோ வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டத்தாலேயே ஏர்பேக் விரிந்துவிடும் அபாயம் உண்டு. சீட் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். ஹெட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு இரண்டு பேராகத் தூக்கி, ஏர்பேக் விளிம்பு எதன்மேலும் அழுந்தாதபடி வையுங்கள்.

சீட் வெளியே இருக்கும்போது “வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன்” என்று யாரேனும் பேட்டரியைப் போட்டு இக்னிஷனைத் திருப்பினால், அந்தக் கணமே பிழைக்குறி பதிவாகிவிடும். சீட்டைத் திரும்ப மாட்டிய பிறகும் விளக்கு அணையாமல் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஆகவே வண்டியை யாரும் நகர்த்தத் தேவைப்படாத இடத்தில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பொருத்துதல்

பாக எண் ஒத்துப்போனால், கழற்றிய சீட்டில் இருக்கும் உங்கள் சொந்தப் பக்கிளையே புதிய சீட்டுக்கு மாற்றுங்கள். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும், வந்த சீட்டின் பக்கிளுடைய வரலாறு தெரியாது. பக்கிள் போல்ட்டையும் சீட் போல்ட் நான்கையும் முதலில் கையாலேயே சில சுற்று முறுக்கிவிட்டு, பின்னர் பணிக் கையேட்டில் உங்கள் காருக்குச் சொல்லியிருக்கும் அளவில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள். ‘கை நிறைய டைட்’ என்ற அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை. போல்ட் தொலைந்துபோனால் ஹார்டுவேர் கடையில் அதே நீளத்தில் ஒன்றை வாங்கிப் போடாதீர்கள். உயர்வலிமை போல்ட்டின் தலையில் 10.9 போன்ற எண் பொறித்திருக்கும், பழைய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ அதுவே வேண்டும்.

கனெக்டர்கள் ‘கிளிக்’ என்று ஒலித்து, பூட்டுத் தாழும் உள்ளே போக வேண்டும். பிறகு வயரிங்கைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, சீட்டைக் கடைசிவரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வயர் எங்காவது இறுகினாலோ, தண்டவாளத்தில் உரசினாலோ, இன்று எரியாத விளக்கு மழைக்காலத்தில் எரியும். எனக்கு இந்த இடத்தில் கேபிள் டை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது.

8. மின்சாரம் கொடுத்துச் சோதித்தல்

காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பேட்டரியை இணைத்த பிறகு, வெளியில் நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டி இக்னிஷனைப் போடுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உடனே மகிழ்ந்துவிடாமல், இரண்டாம் ஸ்கேனை எடுங்கள்.

அதன் பிறகு பெல்ட். சீட்டை முன்னால், நடுவில், பின்னால் என மூன்று நிலைகளில் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை பெல்ட்டைப் போட்டுக் கழற்றுங்கள். போட்டதும் எச்சரிக்கை நிற்க வேண்டும், கழற்றியதும் வர வேண்டும். அடுத்த சீட்டையும் மாற்றியிருந்தால், யாரும் இல்லாதபோது ஒலிக்காமலும், பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பெல்ட் போடாதபோது ஒலிக்கவும் வேண்டும். கடைசியாக, வழக்கமாக உட்காரும் நிலையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்: கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளெலும்பின் மேல் போக வேண்டும். சீட்டின் உயரம் மாறியிருந்தால் பி-பில்லரில் உள்ள பெல்ட் உயரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

9. விளக்கு அணையவில்லை என்றால்

முதலில் இக்னிஷனை அணைத்து, பேட்டரியைத் துண்டித்து, காத்திருந்து, மஞ்சள் கனெக்டரைப் பிரித்து மறுபடி மாட்டுங்கள். அதன்பின் ஸ்கேனரில் பிழைக்குறியை அழித்துப் பாருங்கள். அழித்த குறி திரும்ப வந்தால் கோளாறு உண்மையில் இருக்கிறது. விளக்கு எரியும்போது சில கார்களில் அந்த ஒரு ஏர்பேக் மட்டுமின்றி மொத்த அமைப்பும் செயலற்றிருக்கலாம், ஆகவே அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள், சீட்டை மாற்றியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ரெசிஸ்டர் வைத்துத் தருகிறேன் என்பவரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். பெல்ட் எச்சரிக்கையை அடக்க பக்கிளில் செருகும் போலி நாக்கும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொல்லி ஆணையிட்டது, 13,000க்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்பது தனி.

10. சீட் கவரும் கழற்றிய சீட்டும்

வேலை முடிந்த கையோடு சீட் கவர் கடைக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். பக்கவாட்டு ஏர்பேக் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவேண்டியது. கெட்டியான ரெக்ஸின் கவர் அதன் வழியை அடைத்துவிடும். ஏர்பேக் விளிம்பில் கவரே இல்லாமல் திறந்திருப்பதையோ, அந்த இடத்தில் எளிதில் பிரியும் தையல் போட்டதையோ மட்டும் வாங்குங்கள். நான் கவர் போடவில்லை.

கழற்றிய சீட்டில் உயிருள்ள ஏர்பேக் இருந்தால், அதை இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே கேஸ் கட்டரால் வெட்டுவார்கள். கனெக்டரில் எதையும் செருகாமல், வெயிலும் ஈரமும் படாத அறையில், ஏர்பேக் விளிம்பின் முன்னால் எதையும் அடுக்காமல் வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் கம்பெனிச் சீட்டைக் கேட்கக்கூடும். என்னுடையது மாடிப்படிக்குக் கீழே, ‘ஏர்பேக் உள்ளது, வெட்டாதே’ என்று மார்க்கரில் எழுதிய அட்டையோடு நிற்கிறது.